திருப்பி அன்பு செய்யாத உயிருக்கு நம் கடன்

பாம்பு வளர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலில் கைகாட்டப்படுவது கார்ன் ஸ்னேக். தமிழில் சோளப் பாம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நம்மூர்ச் சாரைக்குத் தூரத்து உறவு. நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும் இனம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் அதன் பூர்விகம், வடக்கே நியூ ஜெர்சியின் பைன் காடுகள் வரைக்கும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும்போது சுண்டுவிரலை விட மெல்லிசாக, ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் இருக்கும். வளர்ந்தால் நான்கைந்து அடி. நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். வாங்கப் போகும் பெற்றோர் கடையில் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கடிக்குமா, தப்பித்துப் போகுமா, நாற்றம் வருமா, மாதம் எவ்வளவு செலவாகும். இவை எல்லாவற்றுக்கும் தெளிவான பதில்கள் இருக்கின்றன. யாரும் கேட்காத கேள்வி இன்னொன்று இருக்கிறது: நம்மை நேசிக்கவே போகாத ஓர் உயிரை, நம் பிள்ளையின் மகிழ்ச்சிக்காக, அதன் ஆயுள் முழுக்க ஒரு பெட்டிக்குள் வைத்திருக்க நமக்கு என்ன உரிமை?

இது கடைக்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. மதங்களும் தத்துவமும் நெடுங்காலமாக வேறு வேறு வடிவங்களில் இதைக் கேட்டு வந்திருக்கின்றன. அவை விட்டுச் சென்ற சான்றுகளை வைத்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை ஆசைப்பட்டது என்பதால் ஒரு பாம்பு வீட்டுக்கு வரலாம்; ஆனால் அது குழந்தைக்குக் கொடுக்கப்படும் பரிசாக வரக் கூடாது. பொறுப்பை ஒரு பெரியவர் தன் பெயரில், அந்த உயிரின் கடைசி நாள் வரை, ஏற்றிருக்க வேண்டும். அப்படி ஏற்க யாரும் இல்லாத வீட்டுக்குப் பாம்பு வருவது அறமல்ல, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும்.

பாம்பு நேசிக்காது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. பழகிய சோளப் பாம்பைக் கையில் எடுத்தால் அது மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும், சட்டைக் கைக்குள் நுழையும், கழுத்தோரம் அசையாமல் கிடக்கும். பார்க்கும் குழந்தைக்கு அது கட்டிக்கொள்வதாகத் தெரியும். பாம்புக்கோ அது ஏறிப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை, சூடுள்ள ஓர் இடம், மறைந்துகொள்ள ஒரு பொந்து. நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுப்பது முத்தமும் அல்ல, மிரட்டலும் அல்ல. காற்றிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து அண்ணத்திலுள்ள உணர்வுறுப்பில் சேர்க்கிறது, அவ்வளவே. வளர்ப்பவரின் வாசனைக்கு அது பழகும், அந்த வாசனையில் ஆபத்து இல்லை என்று கற்கும். நாய் வாசலில் காத்திருப்பது போல அது காத்திருக்காது. நாம் ஊருக்குப் போய்விட்டால் ஏங்காது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு கூடி வாழ்ந்து, மனிதர் முகம் பார்க்கப் பழகிய விலங்கு நாய். பாம்புக்கும் நமக்கும் அப்படி ஓர் உடன்படிக்கை எப்போதும் இருந்ததில்லை.

இதைக் கேட்டதும், அப்படியானால் அதுவும் ஒரு பொம்மைதானே, அதற்கு என்ன கடமை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சான்றுகள் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மனும் அவருடன் இருந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இளம் சோளப் பாம்புகளைப் பற்றியதுதான். ஒரு வட்ட அரங்கின் தரையில் பல துளைகள். அவற்றில் ஒன்று மட்டுமே மறைவிடத்துக்குத் திறந்திருந்தது. சில நாள் பயிற்சியிலேயே பாம்புகள் சரியான துளையை முன்பை விட வேகமாகக் கண்டுபிடித்தன. இடத்தை அவை மனதில் வைத்துக்கொள்கின்றன. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளிவந்த ஆய்வில், வெறுமையான பெட்டிக்கும், ஏறவும் நுழையவும் மறையவும் வசதி செய்த பெட்டிக்கும் இடையில் தெரிவு கொடுத்தபோது, சோளப் பாம்புகள் இரண்டாவதையே நாடின. ஆகவே இரண்டு உண்மைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன; ஆனால் அந்த வாழ்க்கையில் நமக்கான அன்பு இல்லை. துன்பப்படுமா என்பதே கேள்வி என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் 1789இல் எழுதினார். அந்த அளவுகோலில் பாம்பு உள்ளே வருகிறது. அன்பைத் திருப்பித் தருமா என்ற அளவுகோலில் வெளியே நிற்கிறது. வளர்ப்பு விலங்குகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அறியாமலே பயன்படுத்துவது இந்த இரண்டாவது அளவுகோலைத்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மத மரபுகளைப் பார்த்தால், அவை இந்த இரண்டாவது அளவுகோலைப் பொருட்படுத்துவதே இல்லை. இஸ்லாமிய ஹதீஸ்களில் இரண்டு இங்கே அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை. ஒன்று, அபூ உமைர் என்ற சிறுவனும் அவன் விளையாடிய சின்னக் குருவியும் பற்றியது. அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று நபிகள் அவனிடம் பரிவோடு விசாரித்ததாக அது சொல்கிறது. குழந்தை ஒரு பறவையை வைத்திருப்பது கூடும் என்பதற்குச் சட்ட அறிஞர்கள் காட்டும் ஆதாரங்களில் இது முக்கியமானது. மற்றொன்று, பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு தராமல், வெளியே போய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானது பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் சட்டம் தெளிவானது. அடைத்து வைப்பது தானாகவே பாவமாகிவிடுவதில்லை. அடைத்தவர் அந்த உயிரின் வழிகளையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார், ஆகவே அதன் பசிக்கு இனி அவரே பொறுப்பு. அந்தப் பூனை அவளை நேசித்ததா என்று யாரும் கேட்கவில்லை. யூத மரபும் இதே இடத்துக்கு வருகிறது. தன் விலங்குக்குத் தீனி வைக்கும் முன் தான் உண்ணக் கூடாது என்று தல்மூத் விதிக்கிறது. அதன் உணவுக்கு ஏற்பாடு செய்யாமல் ஒரு விலங்கை வாங்கவே கூடாது என்று எருசலேம் தல்மூத் இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. இந்த விதியின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆசை வந்த பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே கடமை தொடங்கிவிடுகிறது.

இந்த விதிகள் எல்லாம் யாரை நோக்கிப் பேசுகின்றன? ஏற்பாடு செய்ய முடிந்தவரை, வாக்குக் கொடுத்துக் காக்க முடிந்தவரை. எட்டு வயதுப் பிள்ளை அப்படிப்பட்டவர் அல்ல. இன்று வாங்கும் பாம்பு, எல்லாம் நன்றாக நடந்தால், அந்தப் பிள்ளைக்கு 28 வயதாகும்போதும் உயிரோடு இருக்கும். இடையில் பள்ளி மாறும், நண்பர்கள் மாறுவார்கள், கல்லூரி விடுதி வரும், வேலை வேறு ஊரில் கிடைக்கும். எட்டு வயதில் ஒருவர் தன் 28 வயதைப் பிணை வைத்துக் கொடுக்கும் வாக்குக்கு மதிப்பில்லை, இருக்கவும் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பிலுள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. 16 வயது நிரம்பாதவருக்கு விலங்கை விற்கக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு விலங்கு இருந்தால், அந்தப் பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே அதற்குப் பொறுப்பாளர். பிறந்தநாளன்று பெட்டியைத் திறந்து, இது உன்னுடையது என்று சொல்வது பிள்ளையின் காதுக்கு இனிமையாக இருக்கலாம். உண்மையில் அந்தச் சொல் பொறுப்பை யாரிடமும் சேர்க்காமல் நடுவில் விட்டுவிடுகிறது. பிள்ளை மறந்தால் பெற்றோர் பிள்ளையைத் திட்டுவார்கள். திட்டி முடியும் வரை தண்ணீர்க் கிண்ணம் காய்ந்தே கிடக்கும்.

இதற்கு எதிராக மிகப் பரவலாகச் சொல்லப்படும் வாதம், வளர்ப்பு விலங்கு பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும் என்பது. இதன் தத்துவ வடிவம் இமானுவேல் கான்டின் அறவியல் விரிவுரைகளில் இருக்கிறது. விலங்குகளுக்கு நேரடியாக நமக்குக் கடமை இல்லை, ஆனால் விலங்கிடம் கொடுமை காட்டுபவர் மனிதரிடமும் கல்நெஞ்சராகிவிடுவார், ஆகவே விலங்கிடம் கனிவாக இருப்பது மனிதரிடம் கனிவாக இருப்பதற்கான பயிற்சி என்கிறார். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். பயிற்சிதான் நோக்கம் என்றால், பயிற்சியில் பிள்ளை தோற்றுப்போவதும் எதிர்பார்க்கத்தக்கதே. கணக்குப் பாடத்தில் தோற்றால் பேப்பரில் சிவப்புக் கோடு விழும். இந்தப் பாடத்தில் தோற்றால் விலையைக் கொடுப்பது வேறொரு உயிர். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பத் தகட்டில் வயிறு வெந்து போன பாம்பு, மூடி சரியாகப் பூட்டப்படாததால் சுவர் இடுக்கில் நுழைந்து காய்ந்துபோன பாம்பு, இவை யாருடைய பாடத்துக்கும் உதவிப் பொருட்கள் ஆகக் கூடாது. கான்ட் வேறோர் இடத்தில் சொல்லும் செய்தி அவருடைய சொந்தக் கொள்கையையே தாண்டிப் போகிறது: தத்துவஞானி லைப்னிட்ஸ் ஒரு சின்னப் புழுவை ஆராய்ந்து முடித்தபின், அதைக் கவனமாக அதன் இலையிலேயே திரும்ப வைத்தாராம். அதனிடமிருந்து தான் ஒன்றைக் கற்றுக்கொண்டதால் அதற்குக் கடன்பட்டதாக உணர்ந்தார் என்பது கான்டின் விளக்கம். இதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பாம்பிடமிருந்து கற்கலாம். கற்பதால் பாம்பு கருவியாகிவிடுவதில்லை, நாம்தான் கடனாளியாகிறோம்.

கற்பது என்ன என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அன்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். என் பார்வையில் சோளப் பாம்பு கற்றுத்தருவது அதை விட அரிதான ஒன்று: தன் ஆசையை நிறுத்திவைப்பது. பாம்பு வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதைத் தொடக் கூடாது. பயணத்தில் பயந்துபோன உயிர் மறைவிடத்துக்குள் கிடந்து, புது இடத்தின் வாசனையைப் பழகிக்கொள்ள வேண்டும். இரை தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும். கக்குவது குட்டிப் பாம்பின் உயிருக்கே கேடு. சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது உடல் நிறம் மங்கி, கண்கள் நீலம் கலந்த பால் நிறத்தில் மூடியது போலாகிவிடும். கண்ணின் மேலுள்ள படலமும் சட்டையோடுதான் கழலும். அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல், தொட்டால் மிரளும், சில நேரம் இரையையும் மறுக்கும். அப்போது செய்ய வேண்டியது ஈரமான மறைவிடம் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு விலகி இருப்பது மட்டுமே. சட்டை முழுதாக, வால் நுனி முதல் கண் மூடி வரை கிழியாமல் கழன்று கிடப்பதைப் பார்த்தால், எல்லாம் சரியாக இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பள்ளிவிட்டு ஓடிவந்து இன்றைக்கும் தூக்கக் கூடாதா என்று கேட்கும் பிள்ளைக்கு, கூடாது, அதற்கு இப்போது வேண்டாம் என்ற பதிலைக் கொடுக்கும் விலங்கு இது. நாய்க்குட்டி அப்படிச் சொல்வது அபூர்வம்.

நமக்குப் பிடித்ததைக் கொடுப்பதற்கும் அதற்கு வேண்டியதைக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம், முட்டை வைக்கிறோம். பாம்பின் இயல்பான உணவில் பால் இல்லை. அந்தப் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. காலால் மிதித்துவிடக்கூடிய ஓர் உயிரைக் கும்பிடத்தக்கதாக்கிய மனம் பெரிய மனம். ஆனால் அந்தப் பால் பாம்புக்குப் போவதில்லை, பாம்பைப் பற்றி நாம் வைத்திருக்கும் நினைப்புக்குப் போகிறது. பாம்புக்குப் பெயர் வைத்து, பிறந்தநாள் கொண்டாடி, கழுத்தில் போட்டுப் படம் எடுத்து விருந்தினர் கையில் மாற்றி மாற்றிக் கொடுக்கும் அன்பும் அதே வகை. பௌத்தத்தின் பாலி நூல்களில் உள்ள அஹிராஜ சுத்தம் இதற்கு மாற்றாக ஒன்றைக் காட்டுகிறது. பாம்பு கடித்து ஒரு துறவி இறந்தபோது, பாம்புகளின் நான்கு அரச குலங்கள் மீதும் அவர் மைத்ரியைப் பரப்பவில்லை என்று புத்தர் சொன்னதாக அது அமைகிறது. அங்கே கேட்கப்படுவது பாம்பை அணைக்கும் அன்பல்ல. அது தன் வழியில் நலமாக இருக்கட்டும், நமக்கும் அதற்கும் பகை வேண்டாம் என்ற விருப்பம். திரும்பி எதையும் எதிர்பார்க்காத நல்லெண்ணம் என்றால் இதுதான். சோளப் பாம்பை வளர்ப்பவருக்கு வேண்டியதும் இதுவே.

இங்கே சமணர் ஒருவர் எழுந்து நின்றால் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் கொல்லாமை நோன்பில் செய்யக்கூடிய ஐந்து பிழைகளைப் பட்டியலிடுகிறது. முதலாவது பந்தம், அதாவது உயிரைக் கட்டிவைப்பது. அடிப்பது, உறுப்பை வெட்டுவது, மிகுபாரம் ஏற்றுவது, உணவும் நீரும் மறுப்பது என்று மற்றவை தொடர்கின்றன. நல்லெண்ணம் உண்மையானால் முதலில் மூடியைத் திற என்பதுதான் அவர் சொல்வார். எதிர்வாதங்களில் வலுவானது இது. இதற்கு முழுமையான பதில் இல்லை, பாதிப் பதில் உண்டு. இன்று கடைகளில் இருக்கும் சோளப் பாம்புகள் பெரும்பாலும் பல தலைமுறைகளாகப் பெட்டிகளில் பிறந்தவை. அமெரிக்கத் தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெலும் அவர் மனைவியும் 1960களின் தொடக்கத்தில் கறுப்பு நிறமி இல்லாத சோளப் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து, அந்த நிறம் மரபுவழி இறங்குவதைக் காட்டினார்கள். அதன் பிறகு வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, கோடு போட்டது, புள்ளி இல்லாதது என்று எத்தனையோ வகைகள் மனித விருப்பத்துக்கு உருவாகிவிட்டன. வெள்ளைப் பாம்பைக் காட்டில் விட்டால் பருந்துக்கு அது தூரத்திலேயே தெரியும். இங்கிலாந்தின் குளிரில் விட்டால் அதுவும் கொலையே. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நஞ்சு எடுப்பதற்காகப் பிடிக்கும் பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அவற்றுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. பெட்டியில் பிறந்த சோளப் பாம்புக்கு அந்த இடம் இல்லை. இதற்குச் சுதந்திரம் கொடு என்பதன் பொருள், முடிந்த அளவு பெரிய, நேராக நீட்டிப் படுக்க இடமுள்ள, ஏறக் கிளையும் புதையச் சருகும் இருக்கும், ஒரு பக்கம் வெதுவெதுப்பும் மறு பக்கம் குளிர்ச்சியும் உள்ள வீட்டைக் கொடு என்பதே.

ஆனால் சமணரின் கேள்வி அதோடு அடங்காது. சரி, பிறந்தவற்றை வைத்துக்கொள்; எதற்காக மேலும் பிறக்க வைக்கிறாய் என்று கேட்பார். நாம் காசு கொடுத்து ஒன்றை வாங்கும்போது இன்னொன்றைப் பொரிக்க வைக்கக் காசு கொடுக்கிறோம் என்பதை மறுக்க முடியாது. அழகுக்காகச் செய்யும் இனப்பெருக்கத்தில் கேடுகளும் பரவுகின்றன. சோளப் பாம்புகளின் சில மரபுவழிகளில், தலை தன்னிச்சையாக மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு நிற்கும் நரம்புக் கோளாறு அறியப்பட்டதே. இந்த இடத்தில் நான் எதிர்வாதத்துக்குத் தலை வணங்குகிறேன், அதன் விளைவையும் ஏற்கிறேன். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள மீட்பு மையங்களுக்கு, பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் கைவிடப்படும் பாம்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சோளப் பாம்பு மிகச் சாதாரணம். அங்கிருந்து ஒன்றை ஏற்பவர் புதிதாக ஒரு சிறையை உண்டாக்கவில்லை, இருக்கும் சிறையைக் கொஞ்சம் மேம்படுத்துகிறார். விரலளவு குட்டி வேண்டும் என்ற ஆசையை இதற்காகப் பிள்ளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். விட்டுக்கொடுக்கட்டும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமானது. பாம்பு தழை தின்னாது, தானியம் தின்னாது. உறைபெட்டியிலிருந்து ஒரு சுண்டெலியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் பையோடு மிதக்கவிட்டு, உள்வரை பனி இளகியதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, நீளமான இடுக்கியில் பிடித்துப் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். குட்டிப் பாம்புக்கு பிங்கி எனப்படும், மயிர் முளைக்காத, கண் திறக்காத இளஞ்சிவப்புக் குஞ்சு. பாம்பு வளர வளர எலியின் அளவும் ஏறும். இரை எப்போதோ செத்துவிட்டது என்றாலும் பாம்பு பாய்ந்து கவ்வி, சுற்றி இறுக்கி, பிறகுதான் தலைப்பக்கத்திலிருந்து விழுங்கத் தொடங்கும். முதல் ஆண்டில் வாரம் ஒன்று, வளர்ந்தபின் பத்து நாள் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டாலும், ஒரு பாம்பின் 20 ஆண்டு வாழ்வுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுண்டெலிகள். அவை காட்டில் இயற்கையாகச் சாகும் எலிகள் அல்ல. இதற்கென்றே வளர்க்கப்பட்டு, பெரும்பாலும் கரியமில வாயுவால் கொல்லப்பட்டவை. சமணக் கணக்கில் பாம்பும் ஐம்பொறி உயிர், எலியும் ஐம்பொறி உயிர். ஒன்றை வாழவைக்க ஐந்நூறைக் கொல்வது எந்தக் கருணைக் கணக்கிலும் நேர்செய்ய முடியாதது.

பூனைக்கும் நாய்க்கும் இறைச்சி வேண்டியிருக்கிறதே, யாரும் கேட்பதில்லையே என்பார்கள். அது உண்மை. எடையாகப் பார்த்தால் சோளப் பாம்பு ஓர் ஆண்டு முழுக்கத் தின்பது ஒரு கிலோ அளவில்தான். பூனை அதைச் சில வாரத்துக்குள் தின்றுவிடும். ஆனால் டப்பாவில் வரும் உணவு கண்ணை மறைக்கிறது என்பது டப்பாவுக்கு எதிரான வாதமே தவிர, எலிக்கு விடையல்ல. காட்டிலும் பாம்பு எலியைத்தானே தின்னும் என்று வேறு சிலர் சொல்வார்கள். காட்டில் தின்பது பாம்பு. இங்கே கொல்வது மனிதர், காசு கொடுப்பது நாம். ஆகவே நான் இங்கே பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். கொல்லாமையை நோன்பாக ஏற்றிருக்கும் குடும்பம் பாம்பு வளர்க்கக் கூடாது. அந்த நோன்போடு இது பொருந்தாது, பொருத்திக் காட்ட முயல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அமெரிக்காவில் சைவ உணவு வீட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளை பாம்பு கேட்டால் பெற்றோர் சொல்ல வேண்டிய நேர்மையான காரணம், பாம்பு அருவருப்பானது என்பதல்ல, நாம் எலிகளைக் கொல்லக் காசு தர மாட்டோம் என்பது. இறைச்சி உண்ணும் குடும்பத்துக்கு எலி மட்டுமே தடையாக முடியாது. தன் நாவின் சுவைக்காகக் கோழியைக் கொல்வதை ஏற்பவர், வேறு எதையும் தின்ன முடியாத உயிருக்காக எலியைக் கொல்வதை மறுக்கக் காரணமில்லை. ஆனால் அவர்கள் அதைப் பிள்ளையிடமிருந்து ஒளிக்கக் கூடாது. ஒன்றை வாழவைப்பது என்றால் என்ன செலவாகும் என்பதை இடுக்கியின் நுனியில் பார்க்கத் தாங்காத வயது என்றால், பாம்புக்கு அது உரிய வயதல்ல.

பாம்பு சபிக்கப்பட்ட உயிர், அதை வீட்டில் வைக்கலாமா என்ற தயக்கமும் சில கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை வைத்து வருவது அது. அதே விவிலியத்தின் எண்ணாகமத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் பாம்பின் விவேகம் சீடர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. எசேக்கியா மன்னன் பிற்காலத்தில் அந்த வெண்கலப் பாம்பை உடைத்தது, மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதால். சாபமும் வழிபாடும் இரண்டுமே பாம்பைப் பாம்பாகப் பார்ப்பதைத் தடுக்கின்றன. அதன் சொந்த மண்ணில் சோளப் பாம்பு அடிக்கடி அடித்துக் கொல்லப்படுவது, நஞ்சுள்ள காப்பர்ஹெட் என்று தவறாக எண்ணப்படுவதால்தான். ஜார்ஜியா மாநிலம் தன் மண்ணின் நஞ்சில்லாத பாம்புகளைச் சட்டத்தால் காக்க வேண்டியிருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு பின்னணி. ஒரு பாம்பை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அடுத்த பாம்பை அடிக்கக் கம்பு எடுக்க மாட்டார் என்று நம்பலாம். அது நல்ல பலன். ஆனால் பலன் நல்லது என்பதற்காக முன்னே சொன்ன நிபந்தனைகள் தளர்ந்துவிடாது.

பெரியவரின் பொறுப்பு பாம்போடும் முடிவதில்லை. ஊர்வனவற்றின் உடலில் நோயறிகுறி இல்லாமலே சால்மனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் அவை வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. மூத்தவளின் ஆசைக்காகக் கைக்குழந்தையை ஆபத்தில் வைப்பது அறமாகாது. சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லலாம். காத்திருந்தும் மாறாத ஆசை என்றால் அதற்கு எடை கூடும்.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை பாம்பு கேட்டால், பிள்ளையிடம் நீ பார்த்துக்கொள்வாயா என்று கேட்காதீர்கள். அவள் மனதார ஆமாம் என்பாள், அந்த ஆமாமை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவள் வீட்டை விட்டுப் போன பிறகும், உங்களை யாரென்று தேடாத ஒரு பாம்புக்கு, பத்து நாளுக்கு ஒரு முறை எலியை இளக்கிக் கொடுத்து, தண்ணீர் மாற்றி, வெப்பம் பார்த்து, இன்னும் பத்து ஆண்டு இருப்பீர்களா? இருப்பேன் என்றால் கடைக்குப் போகும் முன் உங்கள் பகுதியின் ஊர்வன மீட்பு மையத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள். அங்கே யாரோ ஒரு பிள்ளை வளர்ந்து விட்டுப்போன, நான்கடி நீளச் சோளப் பாம்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.